மைசூர் மகாராஜாவின் இசைத்தட்டும் க்ரிப்டோஸின் ஏழு ஆல்பங்களும்

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு கடைசிப் பாடல்கள்’ முதன்முதலாக மேடையேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். பில்ஹார்மோனியா இசைக்குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர். நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதப் பணம் வைத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: கச்சேரியை ஒலிப்பதிவு செய்து மைசூருக்கு அனுப்பிவைக்க வேண்டும். அப்போதே அவருடைய சேகரிப்பில் சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

அதற்கும் முன்னால், லண்டனில் நோயும் பணமுடையுமாக இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னருக்காக ஒரு சங்கமே அமைக்கப் பணம் கொடுத்திருந்தார். மெட்னரின் படைப்புகளை மெட்னரே பியானோவில் வாசிக்க, எச்.எம்.வி. அவற்றைப் பதிவு செய்து வெளியிட்டது. மெட்னர் தன்னுடைய மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1951இல் அவர் இறந்துபோனார். அவர் தன் இசையை எப்படி வாசித்தார் என்பதை இன்றைய பியானோக்காரர்கள் காதால் கேட்க முடிகிறதென்றால், அதில் பெரும்பங்கு மைசூர் கஜானாவின் புண்ணியம். இதே மகாராஜா கர்நாடக இசையில் தொண்ணூற்றுச் சொச்சம் கீர்த்தனைகள் இயற்றியவரும்கூட என்பதை அவரை ‘மேல்நாட்டு மோகம்’ என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஹெவி மெட்டலைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மகாராஜாவைத் தொடுவதற்கு ஒரு காரணம், நிலம். இந்தியாவில் மெட்டலின் கதையை யார் சொன்னாலும் 2007 மார்ச் 17இல் தொடங்குகிறார்கள். அன்று பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. அடுத்த வருடம் மெகாடெத், 2009இல் மறுபடி அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிக்கா, எல்லாம் அதே மைதானம். 1873இல் சிறுவனாக இருந்த சாமராஜேந்திர உடையாருக்காக வாங்கப்பட்ட அரண்மனையும் 450 ஏக்கருக்கு மேற்பட்ட அதன் வளாகமும் அது. மாநில அரசு அதைக் கையகப்படுத்த 1996இல் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆக, மெட்னரைப் பதிவு செய்யப் பணம் கொடுத்த குடும்பத்தின் மண்ணில்தான் கறுப்புச் சட்டைக் கூட்டம் தலையைச் சுழற்றியது. மெட்டாலிக்கா பெங்களூருக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு குர்கானில் நிகழ்ச்சி ரத்தாகி, ஆத்திரத்தில் கூட்டம் மேடையை உடைத்தது. பெங்களூரில் கச்சேரி ஒழுங்காக நடந்து முடிந்தது. இந்த ஒப்பீட்டைச் சொல்லிச் சொல்லிப் பெங்களூர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள்.

ஆனால் இந்த வரலாறு விருந்தாளிகளின் வரலாறு. யார் வந்தார்கள், எத்தனை பேர் கூடினார்கள் என்று எழுதி முடித்துவிட்டால், உள்ளூரில் வாசித்தவர்களுக்கு ‘முன்னதாக மேடையேறிய குழு’ என்ற ஒரு வரிதான் மிஞ்சும். மெட்டாலிக்காவுக்கு முன்னால் அன்று வாசித்த பெங்களூரின் இன்னர் சேங்டமுக்கு நேர்ந்தது அதுதான். ‘லீஜன்ஸ் அவேக்’ என்ற அவர்களுடைய முழு ஆல்பம் 2015இல் வந்தபோது பேச ஆள் குறைவு. கச்சேரி முடிந்ததும் சத்தம் போய்விடும். இருப்பது பதிவு மட்டும்தான் என்பது மைசூர் மகாராஜாவுக்குத் தெரிந்திருந்தது. மெட்டலின் இந்திய வரலாற்றை ஆல்பங்களை வைத்து எழுதினால் அதன் மையத்தில் வந்து நிற்பது பெங்களூர்க் குழுவான க்ரிப்டோஸ்.

அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லாமல் இல்லை. 1980களின் கடைசியில் பெங்களூரில் மில்லேனியம் என்ற குழு இருந்தது. அதன் பாடகர் வெர்னான் இப்ராகிமை இன்றும் மூத்த ரசிகர்கள் நினைவுகூர்கிறார்கள். 90களின் தொடக்கத்தில் டையிங் எம்ப்ரேஸ் மெதுவான, புதைகுழி வாசமடிக்கும் இசையை இங்கே கொண்டுவந்தது. கன்டோன்மென்ட்டின் ஆங்கிலப் பழக்கம், கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகள், மேக்னாசவுண்ட் போன்ற கம்பெனிகள் உரிமம் வாங்கி விற்ற கேசட்டுகள், அவற்றிலிருந்து வீட்டில் நகலெடுத்த கேசட்டுகள், 1993 முதல் அலகாபாத்திலிருந்து வந்த ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை: இவ்வளவுதான் மூலதனம். அந்தக் காலத்தில் மேடைதான் இலக்கு. சொந்தப் பாட்டைப் பதிவு செய்வது கையைக் கடிக்கும் காரியம். போட்டியில் பரிசு வாங்க அயர்ன் மெய்டனின் பாட்டைப் பிசகாமல் வாசித்தால் போதும். சொந்தப் பாட்டு எடுத்தால் கூட்டம் பேச்சுக்குத் திரும்பிவிடும்.

1998இல் நோலன் லூயிஸும் கணேஷ் கிருஷ்ணசாமியும் க்ரிப்டோஸைத் தொடங்கினார்கள். நோலன் கிதார், குரல், கணேஷ் பேஸ். முதல் ஆல்பம் ‘ஸ்பைரல் அசென்ட்’ 2004இல் வந்தது. அடுத்தது 2008இல் அமெரிக்காவின் ஓல்டு ஸ்கூல் மெட்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘தி ஆர்க் ஆஃப் ஜெமினி’. 2012இல் ‘தி காயில்ஸ் ஆஃப் அப்போலியன்’, 2016இல் ‘பர்ன் அப் தி ஸ்கை’, 2019இல் ‘ஆஃப்டர்பர்னர்’, 2021இல் ‘ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்’, 2024இல் ‘டெசிமேட்டர்’. கடைசி ஐந்தும் ஜெர்மனியின் ஏ.எஃப்.எம். ரெக்கார்ட்ஸ் வெளியீடுகள்.

இந்த வருடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். முதல் நான்கு ஆல்பங்களுக்கு இடையில் சரியாக நாலு நாலு வருடம். அதற்கப்புறம் இடைவெளி சுருங்குகிறது. வேலை, லீவு, ஸ்டூடியோ வாடகை என்று நாலு பேரின் வாழ்க்கையை ஒரு கோட்டில் கொண்டுவர எடுக்கும் காலம் முன்பாதியில் தெரிகிறது. பின்பாதியில் காத்திருக்கும் ஒரு லேபிளும், சுருக்கமாக எழுதப் பழகிய கையும் இருக்கின்றன.

இசையைப் பற்றிச் சொல்லாமல் இதெல்லாம் கணக்குப் புத்தகம். க்ரிப்டோஸின் அடையாளம் இரட்டைக் கிதார். மறு கிதார் ரோஹித் சதுர்வேதி. கர்நாடக இசைக் காது உள்ளவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். நம் கச்சேரியில் வயலின் பாடகரை அதே ஸ்வரத்தில் நிழலாகத் தொடரும். இங்கே இரண்டு கிதாரும் ஒரே மெட்டை வாசிக்கின்றன, ஆனால் ஒன்று ‘ஸ ரி க ம’ என்று ஏறும்போது மற்றது ‘க ம ப த’ என்று ஏறுகிறது. மெட்டலில் அதிகம் புழங்கும் ஸ்கேல் நம் நடபைரவியின் ஸ்வரங்களைக் கொண்டது. கொஞ்சம் இருட்டு வேண்டுமென்றால் தோடியின் ஸ்வரங்களுக்குப் போவார்கள், கமகம் இல்லாத தோடி. நடபைரவியில் மேற்சொன்ன இரண்டு வரிசைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் நடுவிலுள்ள தூரம் மூன்று அரைச்சுரம், மூன்று, நான்கு, மறுபடி மூன்று. அந்த ஒரு ‘நான்கு’ வரும் இடத்தில் சோகத்துக்குள் சட்டென்று ஒரு வெளிச்சம் விழும். அதற்கு அடியில் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் லேசாக அழுத்திக்கொண்டு மீட்டும் வறண்ட ‘ஜக்-ஜக்-ஜக்’. மேலே பாட்டு, கீழே இயந்திரம். ஜூடாஸ் ப்ரீஸ்ட்டும் அயர்ன் மெய்டனும் பிரிட்டனில் வளர்த்தெடுத்த இலக்கணம் இது.

சத்தம் மட்டும் மேல்நாட்டு வியாதி என்று நினைக்கக் கூடாது. மைக் சரியாக வராத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையே என்று மைசூர் டி. சௌடையா வயலினில் கூடுதலாக மூன்று கம்பி கட்டி ஏழு கம்பி வயலினை வாசித்தார். மெட்டல் கிதாரும் பின்னாளில் ஏழு கம்பிக்குப் போனது, கனமான அடிச்சுரத்துக்காக. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் சௌடையா உயிரோடு இருந்திருந்தால் ஒரு மார்ஷல் ஆம்ப்ளிஃபையரைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

‘ஸ்பைரல் அசென்ட்’டை இன்று கேட்டால் பல திசைகளில் இழுபடும் குழுவைக் கேட்கிறோம். கற்றதையெல்லாம் ஒரே ஆல்பத்தில் இறக்கிவைக்கும் முதல் நாவலாசிரியர்களின் குணம். ‘ஆர்க் ஆஃப் ஜெமினி’யில் பாட்டுகள் நீண்டு, வளைந்து, நடுவில் திசை மாறுகின்றன. ‘காயில்ஸ்’ இரண்டின் நடுவில் சமநிலை கண்ட ஆல்பம். அதிலுள்ள ‘தி மாஸ்க் ஆஃப் அனுபிஸ்’ பாட்டுக்காகவே பலர் அவர்களைத் தெரிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் கணேஷ் விலகினார். பெவார் சீ என்ற மந்தகதிக் குழுவில் பாடியவர் அவர். ‘பர்ன் அப் தி ஸ்கை’யில் குழு வளைவுகளையெல்லாம் வெட்டி எறிந்தது. ‘ஃபுல் த்ராட்டில்’ என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வைக்கும்போதே எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது: 1983இன் நெடுஞ்சாலை, நேரான வேகம், கூடச் சேர்ந்து கத்தக்கூடிய பல்லவி. பழைய ரசிகர்களில் சிலருக்கு இது இறக்கம். எனக்கு அப்படியில்லை. தன்னால் எது முடியும் என்று தெரிந்துகொண்டபின் ஒரு குழு எடுக்கும் முடிவு அது. ‘ஆஃப்டர்பர்னர்’ அதை உறுதி செய்தது. ‘ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்’ அதே அச்சில் இன்னொரு வார்ப்பு. குறையொன்றும் இல்லை, புதுமையும் இல்லை.

குரலைப் பற்றி ஒரு சச்சரவு உண்டு. இந்த வகை இசைக்கு உச்சஸ்தாயியில் கூவும் பாடகர்தான் மரபு. நோலன் கரகரத்த தொண்டையில் வரிகளைத் துப்புகிறார். இசை ஒரு பத்தாண்டையும் குரல் வேறொரு பத்தாண்டையும் சேர்ந்தவை. ‘நல்ல பாடகர் கிடைத்திருந்தால்’ என்று இழுக்கும் விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். பாடகரை மாற்றினால் மிஞ்சுவது சுத்தமான நகல். அந்தச் சரளைக் குரல் இருப்பதால்தான் இரண்டு வரி கேட்டதும் க்ரிப்டோஸ் என்று சொல்ல முடிகிறது.

இன்னொரு கேள்வி தவிர்க்க முடியாதது: இதில் இந்தியா எங்கே இருக்கிறது? இதற்கு மூன்று குழுக்கள் மூன்று பதில் வைத்திருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா, கதிர் என்ற கதிராசனின் தலைமையில், டெத் மெட்டலின் உறுமலில் உபநிடதங்களையும் அத்வைதத்தையும் கொண்டுவந்தது. முதல் ஆல்பம் 1998இல். பிறகு 2005, 2009, 2011 என்று ‘பிரம்மவித்யா’ வரிசையில் மூன்று ஆல்பங்கள். தமிழ் இளைஞர்கள் தங்கள் வேரைத் தேடும்போது ஏன் சம்ஸ்கிருதத்தில் போய் நிற்கிறார்கள் என்று நம்மில் பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் அந்த மூன்று ஆல்பங்களின் உழைப்பும் ஒழுங்கும் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. அந்த இசையை ஆராய்ச்சியாளர்கள் புலம்பெயர் அடையாளம் பற்றிய கட்டுரைகளுக்கு எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. டெல்லியின் ப்ளட்டிவுட் வேறு மாதிரி: டோல், பஞ்சாபி வரிகள், கொண்டாட்டம். 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்தபின் அவர்களை உலகம் தூக்கி வைத்துக்கொண்டது. வெளிநாட்டு ரசிகர் இந்திய மெட்டல் என்று எதிர்பார்ப்பதை அவர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள்.

க்ரிப்டோஸ் எதையும் கொடுக்கவில்லை. தபலா இல்லை, சிதார் இல்லை, மந்திரம் இல்லை. அவர்களும் 2013இலும் 2017இலும் வாக்கனில் வாசித்தார்கள், வட ஜெர்மனியின் அந்தச் சின்ன ஊரில், தலைமுறை தலைமுறையாக இந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் முன்னால், அவர்கள் இலக்கணத்திலேயே. இது அடிமைப் புத்தியா? பில்ஹார்மோனியாவுக்குப் பணம் கொடுத்த மகாராஜாவைப் பார்த்தும் இதையே கேட்கலாம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் சமஸ்தானத்தில் கன்னடத்தில் கீர்த்தனை இயற்றியபோது யாரும் அவரிடம் ‘உன் திருநெல்வேலி எங்கே’ என்று கேட்கவில்லை. கிதார் வாசிக்கும் பெங்களூர்க்காரரிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம்.

சென்னையில் இது இந்த அளவுக்கு வேர்விடவில்லை. 2009 பிப்ரவரியில் ஸ்வீடனின் ஓப்பெத் ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனது. எஷர்ஸ் நாட் போன்ற திறமையான குழுக்கள் தோன்றின. ஆனால் கிதார் நன்றாக வாசிக்கும் பையனுக்கு அங்கே கோடம்பாக்கம் சம்பளம் கொடுக்கும். டிஸ்டார்ஷன் கிதாரை அங்கே அதிகம் பேர் கேட்டது கதாநாயகனின் அறிமுகக் காட்சியில்தான்.

கடைசியாகப் பதிவுகளின் கதி. இந்தியாவில் வெளியாகும் புத்தகமும் பத்திரிகையும் தேசிய நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்று 1954ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. இசைத்தட்டுக்கும் சிடிக்கும் அதில் இடமில்லை. ஜெர்மனியில் அங்கே வெளியிடப்படும் இசைப் பதிவுகளிலும் இரண்டு பிரதியை தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதன் இசைக் காப்பகம் லைப்சிக் நகரத்தில் இருக்கிறது. ஆகவே, ஏ.எஃப்.எம். வெளியிட்ட ஐந்து க்ரிப்டோஸ் ஆல்பங்களுக்கும் ஜெர்மன் சட்டப்படி ஓர் அலமாரி உண்டு. ‘ஸ்பைரல் அசென்ட்’டுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 2004இல் அதை வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருந்தால்தான் உண்டு.