இஸ்லாமிய மெய்யியலின் அடித்தளம்: ஒரு திறனாய்வு

கிரேக்கரின் அறிவை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்த இடையாள் என்றே இஸ்லாமிய மெய்யியலை நம்மில் பலர் எண்ணுகின்றோம். டி. ஜே. டி போயர் எழுதி, 1901-இல் ஜெர்மன் மொழியிலும் 1903-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த இஸ்லாமிய மெய்யியல் வரலாறு இவ்வெண்ணத்திற்கு வலுவூட்டிய நூல்களுள் ஒன்று. சிந்தனையாளரை வரிசைப்படுத்தி அறிமுகம் செய்வதில் அந்நூல் பயனுடையதே. ஆயினும், மொழிபெயர்ப்புகளை நம்பி நின்ற தொகுப்புச் சிந்தனையாகவே அது இம்மெய்யியலைக் காண்கின்றது. இம்மதிப்பீட்டை நாம் ஏற்பதற்கில்லை.

பாக்தாதில் கிரேக்க நூல்கள் அரபிக்குப் பெயர்க்கப்பட்டது உண்மை. அப்பணியில் தலைசிறந்து நின்ற ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) ஒரு கிறிஸ்தவர் என்பதும் நினைவுகூரத் தக்கது. ஆனால் அடிப்படைக் கேள்வி இஸ்லாமிய விசுவாசத்திற்குள்ளிருந்தே பிறந்தது. இறைவன் ஒருவனாயின், அவனுடைய அறிவு, ஆற்றல், பேச்சு ஆகிய பண்புகள் யாவை? பண்புகள் உள்ளமையினின்று வேறானவை எனின் அநாதிப் பொருள்கள் பலவாகும் என முஃதஸிலாக்கள் அஞ்சினர். ஆகவே இறைவாக்காகிய குர்ஆன் படைக்கப்பட்டதே என்றனர். அஷ்அரீ மரபினரோ, பண்புகள் மெய்யானவை, அவை இறைவனே எனவும் அவனுக்கு வேறு எனவும் சொல்லத்தகாதவை என்றனர். வார்த்தையானவர் படைக்கப்பட்டவரா என்று 325-இல் நிசேயாவில் எழுந்த வழக்கை அறிந்த நமக்கு இவ்விவாதம் அந்நியமானதன்று.

கஸ்ஸாலி (1058–1111) மெய்யியலை அழித்தார் என்பதும் மறுபரிசீலனைக்குரியது. இப்னு சீனா (980–1037) முதலியோரின் கொள்கைகளை இருபது தலைப்புகளில் மறுத்த அவர், மூன்றினை மட்டுமே அவநம்பிக்கை எனத் தீர்த்தார். உலகம் அநாதியானது; இறைவன் தனிப்பொருள்களைப் பொதுவகையிலேயே அறிகிறான்; உடல் உயிர்த்தெழாது என்பனவே அவை. படைப்பு, பராமரிப்பு, உயிர்த்தெழுதல் ஆகியவை பற்றி நாமும் உரைக்க வேண்டியவர்களன்றோ? தருக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. அதனையே கருவியாகக் கொண்டார். இப்னு ருஷ்து (1126–1198) அவருக்கு மறுப்பெழுதினார். இந்தியாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் லக்னோவில் உருப்பெற்ற நிஜாமி பாடத்திட்டம் தருக்கத்துக்கும் மெய்யியலுக்கும் பேரிடம் அளித்தது. அழிந்துபோன ஒன்றைப் பாடமாக வைப்பாரில்லை.

தருமபுரி மாவட்டத்தில் ஊழியஞ்செய்யும் ஆயருக்கு இது ஏட்டளவான பொருளன்று. அங்குள்ள ஊர்களில் உருது பேசும் இஸ்லாமியர் நம் சபையாரின் அண்டை வீட்டாராவர். “ஒரே கடவுள் எனில் மூவர் எங்ஙனம்?” என அவர்கள் வினவும்போது, சூரியன், ஒளி, வெப்பம் என்னும் உவமையோடு நின்றுவிடுகின்றோம். வினவுகிறவரோ, ஒருமையையும் பண்புகளையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்த மரபின் வழித்தோன்றல். அல்ஃபாராபியின் மாணவராகிய யஹ்யா இப்னு அதீ (893–974) என்னும் கிறிஸ்தவர், அம்மெய்யியலின் மொழியிலேயே திரியேகத்திற்குச் சான்று பகர்ந்தார்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இறைப்பண்பு வேறு, திரியேகத்தின் ஆளத்துவம் வேறு. இரண்டையும் ஒன்றென வலிந்து காட்டுவது இரு விசுவாசங்களுக்கும் நேர்மையாகாது. எங்கு உடன்படுகின்றோம், எங்கு பிரிகின்றோம் என்பதை அயலாரின் சொற்களிலேயே கற்றறிந்த பின்னரே நம் மறுமொழி மதிப்புப் பெறும். இறையியல் மாணவர் இப்பயிற்சியைக் கல்லூரியிலேயே தொடங்குதல் நலம்.