எண்ணெயைக் கடன் கொடுக்க இயலுமா?
பத்துக் கன்னிகைகள் உவமையும் திண்டிவனத்தின் ஓர் இரவும்

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் பத்துக் கன்னிகைகள் உவமை, நம் திருச்சபைகளில் திருவருகைக் காலத்திலும் ஆண்டிறுதி இரவு ஆராதனையிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதன் முடிவில் அடைக்கப்படும் கதவு, கேட்போர் நெஞ்சில் அச்சத்தை எழுப்புகிறது. அவ்வச்சத்திலிருந்து, 'அந்நாளில் நான் உள்ளே இருப்பேனா?' என்னும் வினா பிறக்கிறது. அவ்வினா தள்ளத்தக்கதன்று. ஆயினும் உவமையின் கருத்து அத்துடன் முடிந்துவிடுகிறதா என்பதை நாம் ஆராய வேண்டும். மீட்புக்கு ஆயத்தமாயிருத்தல் என்பது தன்னைக் காத்துக்கொள்வது மட்டுந்தானா?

எண்ணெய் எதனைக் குறிக்கிறது?

இவ்வுவமைக்கு உரை கண்டோர் பெரும்பாலும் எண்ணெயின் பொருளையே தேடினர். கிறிசோஸ்தோம் அதனை ஏழைகளுக்கு இடும் ஈகை என்றார். அகஸ்தீன் அன்பு என்றார். லுத்தர் விசுவாசம் என்றார். ஒவ்வொருவரும் தம் காலத் திருச்சபையில் எது குறைவுபட்டதாகக் கண்டனரோ அதனை எண்ணெயாகக் கொண்டனர் எனலாம். வெளியிலிருந்து பொருளைக் கொணர்வதைவிட, மத்தேயுவிடமே கேட்பது நலம்.

இங்குப் புத்தியுள்ளோர், புத்தியில்லாதோர் எனப் பிரிக்க ஆளப்படும் அதே இரு கிரேக்கச் சொற்கள், ஏழாம் அதிகாரத்தில் வீடு கட்டிய இருவரையும் பிரிக்கின்றன. ஆண்டவரை இருமுறை விளித்து அழைப்பதும், அறியேன் என்னும் மறுமொழியும் அவ்வதிகாரத்திலேயே முன்னர் வந்துவிட்டன. அங்கே வேறுபாடு கேட்டதில் இல்லை, இருவரும் கேட்டனர். கேட்டபடி செய்ததிலேயே வேறுபாடு உள்ளது. மேலும், இவ்வுவமைக்குச் சற்று முன்னர் 24ஆம் அதிகாரத்தின் இறுதியில் புத்தியுள்ள ஊழியக்காரன் ஒருவன் காட்டப்படுகிறான். வீட்டாருக்கு வேளையறிந்து உணவு கொடுப்பதே அவனுடைய ஆயத்தம். தலைவன் வரத் தாமதிக்கிறான் என்று எண்ணி உடன் ஊழியரை அடிப்பவனே பொல்லாதவன். ஆகவே ஆயத்தம் என்பது பிறருக்காகச் செய்யப்படும் செயல் என்பது, உவமை தொடங்குமுன்னரே சொல்லப்பட்டுவிட்டது.

விளக்கா, தீவட்டியா?

மலைப்பிரசங்கத்தில் தண்டின்மேல் வைக்கப்படும் விளக்குக்கு 'லூக்னோஸ்' என்று எழுதும் மத்தேயு, இங்கு 'லம்பாஸ்' என்கிறார். இது தீவட்டியைக் குறிக்கும் என ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் வாதிட்டார். சுவாமி புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவர் எண்ணெய்ப் பாத்திரத்தையும் உடன் கொண்டுசெல்வதைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். எண்ணெய்ப் பாத்திரமில்லாத தீவட்டி சிறிது தொலைவுக்கே ஒளி தரும்.

தீவட்டி பிடிப்பவர் தம் பாதைக்காக அதைப் பிடிப்பதில்லை, ஊர்வலத்துக்காகப் பிடிக்கிறார். கன்னிகைகளின் பணியும் மணவாளனுக்கு வழி காட்டுவதே. புத்தியுள்ளோர் எண்ணெயைப் பகிர மறுத்ததைத் தன்னலம் என்று குறைகூறுவோர் உண்டு. பகிர்ந்திருந்தால் பத்தும் பாதி வழியில் அணைந்து மணவாளன் இருளில் நின்றிருப்பான். பத்துப்பேரும் உறங்கினர் என்பதும் நோக்கத்தக்கது. உறக்கம் குற்றமாக எண்ணப்படவில்லை. நள்ளிரவில் எழும் கூக்குரல் எவரையும் ஆயத்தப்படுத்துவதில்லை. பகலில் யார் ஆயத்தப்பட்டார் என்பதை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே.

திண்டிவனத்தின் இரவு

இவ்வுண்மைக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் பணித்தளங்களுள் ஒன்று திண்டிவனம். அங்கு மருத்துவப் பணியாற்றிய இரண்டாம் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் பயின்று, நோயுற்ற தாயைக் கவனிக்க 1890இல் திரும்பிவந்தார். மிஷனெரியாக வாழும் விருப்பம் அவருக்கு அப்போது இல்லை. அவ்வாண்டுகளில் ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவரும் இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவரான தந்தை வர முன்வந்தும், அயல் ஆடவர் தம் பெண்களைத் தொடலாகாது என அவர்கள் ஐடாவையே அழைத்தனர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இந்நிகழ்ச்சி பலமுறை எழுதப்பட்டுள்ளது. அவ்வாறு எழுதுவோர் சிலர், மூன்று குடும்பங்களின் வழக்கத்தையே குற்றவாளியாக்கி அமைகின்றனர். அவ்வழக்கம் உயிரைக் குடித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நம் பக்கத்தையும் நோக்க வேண்டும். ஐடாவின் பாட்டனார் முதலாம் ஜான் ஸ்கடர் மருத்துவ மிஷனெரியாக இலங்கை வந்தது 1819இல். வீட்டுக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் வாரார் என்பது எழுபது ஆண்டுக்காலம் கண்கூடாகத் தெரிந்த செய்தி. கிளாரா ஸ்வெய்ன் என்னும் பெண் மருத்துவர் 1870இலேயே வட இந்தியாவில் பரேலிக்கு வந்துவிட்டார். ஆயினும் அவ்விரவில் திண்டிவனத்தில் ஒரு பெண் மருத்துவர் இல்லை. தீவட்டி இருந்தது, அப்பெண்களுக்கான எண்ணெய் இல்லை.

தந்தையின் அறிவை மகள் அவ்விரவில் கடன் வாங்க இயலவில்லை. பரிவு இருந்தது, மன்றாட்டு இருந்தது. கற்றுப் பழகிய கை இல்லை. எண்ணெயைக் கொடுக்க இயலாது என்னும் உவமையின் கடுஞ்சொல் கொடுமையன்று, உள்ளபடியே உண்மை என்பதை இது காட்டுகிறது.

கதவு அடைபட்ட பின்னர்

ஐடா எண்ணெய் வாங்கச் சென்றார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கினார்; 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். தாம் ஒருவர் எண்ணெய் வைத்திருந்தால் போதாது, பலருடைய பாத்திரங்களும் நிறைய வேண்டும் என்பதே அப்பள்ளியின் உட்பொருள்.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்லி உவமையின் கூர்மையை மழுக்கலாகாது. வேலூர் மருத்துவமனை எத்துணைப் பெரிதாயினும், அம்மூன்று பெண்களுக்குத் திறக்கவில்லை. அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது அடைக்கப்பட்டதே. மனந்திரும்பியவருக்கு மற்றோர் இரவு அருளப்படலாம். ஆனால் ஒவ்வோர் இரவும் எவரோ ஒருவருக்குக் கடைசி இரவாகும். அதிகாரத்தின் இறுதியில் மணவாளன் அரசராகத் தோன்றி, பசித்தோரிலும் நோயுற்றோரிலும் தாம் வந்ததைச் சொல்கிறார். திண்டிவனத்தில் மும்முறை கதவைத் தட்டியவர் யார் என்பதை இதன் ஒளியில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்றைய ஆயத்தம்

இன்று விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இயங்கிவருகிறது. அன்று எண்ணெய் இல்லாத இடத்தில் இன்று எண்ணெய் உண்டு. ஆனால் கூக்குரல் வேறு உருவில் எழுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. மயிலத்தில் 50 செ.மீ. அளவில் மழை பெய்தது. தென்பெண்ணை பெருகி ஊர்களுக்குள் புகுந்தது. அரசூரருகே தேசிய நெடுஞ்சாலையை வெள்ளம் மறித்தது. புயலெச்சரிக்கையை எல்லோரும் கேட்டிருந்தனர். கேட்டதனால் மட்டும் ஒருவரும் ஆயத்தமாகிவிடுவதில்லை. மேட்டில் ஓர் இடம், சேமித்த அரிசி, தாழ்ந்த பகுதியில் தனித்து வாழும் முதியோர் இன்னார் என்னும் அறிவு ஆகிய இவை வெள்ளம் வந்தபின் கடனாகக் கிடைப்பவையல்ல.

எனவே, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஆண்டிறுதி இரவில் இவ்வுவமையை விளக்கும் போதகர், 'நீ உள்ளே இருப்பாயா?' என்று கேட்பதோடு அமையலாகாது. 'உன் கதவை இரவில் தட்டுபவருக்குக் கொடுப்பதற்கு நீ பகலில் எதைக் கற்றாய், எதைச் சேர்த்தாய்?' என்றும் கேட்க வேண்டும். முதல் வினாவுக்குரிய விடை இரண்டாம் வினாவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது மத்தேயுவின் துணிபு.