வலியைப் பற்றி ஒரே ஆள் எழுதிய இரண்டு புத்தகங்கள்

2004-ல், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம், ஒரு புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பெரியம்மாவுக்குப் புற்றுநோய். மார்பில் ஆரம்பித்து எலும்புக்குப் போயிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவர். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், தெருவில் யாருக்காவது ஊசி போடணும் என்றால் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். அவருக்குப் போய் இப்படியா என்று ஊரே கேட்டது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். "ஆண்டவருக்கு இதுல ஒரு நோக்கம் இருக்கும்" என்பதுதான் அதிகம் கேட்டது.

என்னிடமும் ஒரு பதில் இருந்தது. என் பதில் புத்தகத்தில் இருந்து வந்தது என்பதால் அது உசத்தி என்று ஒரு நினைப்பு. சி.எஸ். லூயிஸ் எழுதிய 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்'. அரை மணி நேரம் அதைத் தமிழில் விளக்கினேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏய்யா, நீ சொல்லுத கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கணக்கு வரமாட்டேங்குதுய்யா."

இருபது வருடமாக அந்த வாக்கியம் என்னோடு இருக்கிறது. இந்தக் குறிப்பு அதற்கு நான் செய்யும் தாமதமான ஹோம்வொர்க். லூயிஸ் இதே விஷயத்தைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் புத்தகம்: 1940

லூயிஸ் 1898-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். 1908-ல், அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அம்மா புற்றுநோயில் இறந்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸில் போரிட்டுக் காயம்பட்டார். ரொம்ப காலம் நாத்திகர். ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1931-ல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பினார். முதல் புத்தகம் வந்தது 1940-ல். லண்டன் மேல் ஜெர்மன் குண்டுகள் விழுந்த வருடம். ஆக, வலியைப் பற்றி எதுவும் தெரியாமல் ஈஸிச்சேரில் சாய்ந்துகொண்டு எழுதினார் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி பழையது. கடவுள் நல்லவர், சர்வ வல்லவர் என்றால், நல்லவர்கள் ஏன் துன்பப்படுகிறார்கள்? லூயிஸ் இதைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார். முதலில் 'சர்வ வல்லமை'. முன்னுக்குப் பின் முரணானதைச் செய்வது வல்லமையில் சேராது என்கிறார். சுதந்திரமுள்ள மனிதர்கள் சேர்ந்து வாழ எல்லோருக்கும் பொதுவான, விதிகள் மாறாத ஓர் உலகம் வேண்டும். வீட்டுக்கு உத்தரமாகிற அதே மரக்கட்டையால் பக்கத்து வீட்டுக்காரன் மண்டையையும் உடைக்கலாம். ஒவ்வொரு முறை அடிக்கக் கை ஓங்கும்போதும் கட்டை பஞ்சாக மாறினால் அங்கே சுதந்திரம் என்று ஒன்றும் இருக்காது. மனிதத் துன்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு மனிதர்களே உண்டாக்கியதாக இருக்கலாம் என்றும் ஒரு கணக்குச் சொல்கிறார்.

அடுத்து 'நல்லவர்' என்ற சொல். புத்தகத்தின் மிக நேர்மையான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கடவுளின் நன்மை நம்முடைய நன்மையிலிருந்து முழுக்க வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. லூயிஸ் அந்தக் கதவை அவரே அடைத்துவிடுகிறார். நமக்குக் கறுப்பாகத் தெரிவது கடவுளுக்கு வெள்ளை என்றால், அவரை நல்லவர் என்று அழைப்பதில் அர்த்தமே இல்லை என்பது அவர் வாதம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது பகுதிதான் எல்லோருக்கும் தெரிந்தது. சுகமாக இருக்கும்போது நமக்குக் கடவுளின் குரல் காதில் விழுவதில்லை, வலி அவருடைய ஒலிபெருக்கி என்ற உவமை. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற மயக்கத்தை வலி முதலில் உடைக்கிறது. பிறகு, என்னிடம் இருப்பதே எனக்குப் போதும் என்ற மயக்கத்தையும் உடைக்கிறது.

எங்கே இடிக்கிறது

கொடுமைக்காரன் ஒருவனுக்கு இந்த விளக்கம் பொருந்தும். நல்லவர்கள்? லூயிஸ் கேள்வியை மறைக்கவில்லை. குடும்பத்துக்காக உழைக்கும் தாய்மார்கள், சிக்கனமாக வாழும் சின்ன வியாபாரிகள் இவர்களுக்கு ஏன் என்று அவரே கேட்கிறார். அவர்களுடைய அளவான நிம்மதியும் ஒரு நாள் போதாமல் போகும், அதற்கு முன்பே கடவுள் அவர்களை எச்சரிக்கிறார் என்பது பதில்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இங்கேதான் சந்தேகம் வருகிறது. எந்த உள்ளீடு கொடுத்தாலும் 'பாஸ்' என்று காட்டும் ஒரு டெஸ்ட்டை எங்கள் வேலையில் யாரும் நம்பமாட்டோம். அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். கெட்டவனுக்கு வலி வந்தால் அவனைத் திருத்த, நல்லவருக்கு வந்தால் அவரை எச்சரிக்க, மகானுக்கு வந்தால் அவர் கீழ்ப்படிதலைக் காட்ட. அப்படியென்றால் எந்த வலி வந்திருந்தால் இந்த விளக்கம் தப்பு என்று ஆகியிருக்கும்? அப்படி ஒன்றைக் காட்ட முடியவில்லை.

அது போகட்டும், இறையியலை டெஸ்ட் கேஸ் போலப் பார்ப்பது சரியில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவைப் பற்றிய கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கிறது. தூங்குகிறவனை எழுப்பத்தான் ஒலிபெருக்கி. எழுந்து உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவரின் காதில் அதே சத்தத்தை ஏன் மாதக்கணக்கில் வைக்க வேண்டும்? எங்கள் பெரியம்மா முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது புத்தகம்: 1961

ஜாய் டேவிட்மன் நியூயார்க்கில் 1915-ல் யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட், பிறகு கிறிஸ்தவர். லூயிஸின் புத்தகங்களைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். மணவாழ்க்கை முறிந்தபின் இரண்டு மகன்களோடு இங்கிலாந்துக்கு வந்தார். 1956 ஏப்ரலில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் தொடர்ந்து இங்கிலாந்தில் தங்குவதற்கான ஏற்பாடாகத்தான் அது தொடங்கியது. அதே வருடம் அக்டோபரில் அவர் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பரிசோதித்தால் புற்றுநோய் எலும்பைத் தின்றிருந்தது. 1957 மார்ச்சில் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியார் ஜெபித்து மணம் செய்துவைத்தார். அதன் பிறகு நோய் எதிர்பாராமல் பின்வாங்கியது. எலும்பு கூடியது, நடந்தார், 1960 ஏப்ரலில் இருவரும் கிரேக்கத்துக்குப் பயணம்கூடப் போய்வந்தார்கள். அந்த ஜூலையில் இறந்தார். 45 வயது.

அந்த நாட்களில் லூயிஸ் நோட்டுப் புத்தகங்களில் எழுதியவைதான் 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்'. நான்கே பகுதிகள், சின்னப் புத்தகம். சொந்தப் பெயரில் வரவில்லை. என்.டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயர். முதல் இரண்டு எழுத்துகளும், யாரென்று அறியேன் என்ற பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொற்றொடரிலிருந்து வந்தவை. லூயிஸ் 1963-ல் இறந்த பிறகுதான் அவர் பெயரோடு மறுபதிப்பு வந்தது.

இந்தப் புத்தகத்தில் உத்தரமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தேவையில்லாதபோது திறந்திருந்த கதவு, தேவைப்பட்டபோது முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது போல இருக்கிறது என்கிறார். கடவுளே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோமோ என்பது அவருடைய பயம் இல்லை. கடவுள் உண்டு, ஆனால் இப்படிப்பட்டவர்தான் என்று தெரிந்துவிடுமோ என்பதுதான் பயம். அவள் கடவுளின் கைகளில் பத்திரமாக இருக்கிறாள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் அதே கைகளில்தானே இருந்தாள், அந்தக் கைகள் என்ன செய்தன என்று பார்த்தேனே என்று பதில் கேள்வி கேட்கிறார்.

பிறகு தன் பக்கமே திரும்புகிறார். உலகத்தின் துயரம் பற்றி எனக்கு முன்பே தெரியும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் நம்பினேன். ஆனால் அடுத்தவர்களின் துயரம் உண்மையிலேயே என்னைத் தொட்டிருந்தால், என் துயரம் வந்தபோது நம்பிக்கை இப்படி ஆட்டம் கண்டிருக்காது. என் வீடு சீட்டுக்கட்டு வீடு. இதுதான் அவர் வந்து சேரும் இடம். முதல் புத்தகத்துக்கு நான் படித்த விமர்சனங்களிலேயே கடுமையானது, அதை எழுதியவரே எழுதிய இந்தப் பக்கம்தான்.

இரண்டாவது முதலாவதைத் தோற்கடித்ததா?

பொதுவான அபிப்பிராயம் அப்படித்தான். 1993-ல் வந்த 'ஷேடோலேண்ட்ஸ்' படத்தில் அந்தோனி ஹாப்கின்ஸ் லூயிஸாக நடித்திருப்பார். மேடையில் வலியைப் பற்றி உறுதியாகப் பேசும் பேராசிரியர், மனைவியை இழந்ததும் பதில்களையும் இழக்கிறார் என்று கதை போகும். (இரண்டு மகன்களில் ஒருவரைப் படத்தில் காணவே காணோம். வாழ்க்கையை எவ்வளவு சீராக வெட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சாம்பிள்.) ஜான் பெவர்ஸ்லூயிஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1985-ல் வந்த தன் நூலில் இன்னும் கூர்மையாகக் கேட்டார். 'நன்மை' என்ற சொல்லுக்கு முதல் புத்தகத்தில் வைத்த அளவுகோலைக் கைவிட்டுத்தான் லூயிஸ் தன் நம்பிக்கையை மீட்டுக்கொண்டார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எனக்கு இது முழுக்கச் சரியாகப் படவில்லை. கடவுளின் நன்மை வேறு, நம் நன்மை வேறு என்று எடுத்துக்கொண்டவருக்குக் கடவுள் மேல் கோபம் வர வழியே இல்லை. அவர் என்ன செய்தாலும் அதற்கு நன்மை என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடலாம். லூயிஸ் கதவைத் தட்டிக் கத்துகிறார் என்றால், 1940-ல் வைத்த அளவுகோலை 1960-லும் கீழே போடவில்லை என்றுதான் அர்த்தம். புத்தகத்தின் பின்பகுதியில் அவர் அமைதி அடைவது கொஞ்சம் வேகமாக நடக்கிறது, அது எனக்கும் உறுத்துகிறது. கடவுளை ஓர் அறுவை மருத்துவரோடு ஒப்பிடுவதும் பழைய ஒலிபெருக்கியின் தம்பிதான். ஆனால் அந்தக் கோபம் வந்தது முதல் புத்தகத்தின் நேர்மையிலிருந்து.

இன்னொரு விஷயமும் உண்டு. முதல் புத்தகத்தின் முன்னுரையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், 2004-ல் நானும் தாண்டினேன். இதைப் பெயர் போடாமல் எழுத அனுமதி கேட்டேன் என்கிறார் லூயிஸ். வலியைப் பற்றி இவ்வளவு தைரியமாகப் பேசுகிறவன் யார் என்று தெரிந்தால் கேலிக்கூத்தாகிவிடும் என்று கூச்சம். வரிசை நூல் என்பதால் பதிப்பாளர் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுத்தரும் தகுதி தனக்கு இல்லை என்றும், அறிவுக்கு எழும் சிக்கலை மட்டுமே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிடுகிறார். 1940-ல் கிடைக்காத அந்த மறைவு அவருக்கு 1961-ல் கிடைத்தது. மருந்துச்சீட்டில் தெளிவாக எழுதியிருந்த எச்சரிக்கையைப் படிக்காமல் மருந்தை ஊற்றிக்கொடுத்தது நான்.

இரண்டாவது புத்தகத்தின் மேல் என் புகார் வேறு. அதில் ஜாய் வெறும் 'எச்' என்ற ஓர் எழுத்தாகத்தான் வருகிறார். அவர் 1938-லேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர், பத்துக் கட்டளைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். செத்தது அவர், பாடம் கற்றது லூயிஸ் என்று ஆகிவிடுகிறது. யோபுவின் கதையிலும் இந்தச் சங்கடம் உண்டு. முடிவில் ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். செத்துப்போன பத்துப் பேரை யாரும் கேட்கவில்லை. ஒருவரின் வலி இன்னொருவருக்குப் பாடம் என்று சொல்லும் எந்த விளக்கமும் அந்தப் பத்துப் பேருக்குப் பதில் சொன்னதாகாது.

ஆனால் அதே யோபு புத்தகம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் கடவுளுக்காக வாதாடியவர்கள். யோபு கடவுளை எதிர்த்து வழக்குப் பேசியவர். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த மூன்று பேர் மேல். அவரைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான் என்று தீர்ப்பு வருகிறது. அந்த மூவரும் செய்த ஒரே நல்ல காரியம், ஆரம்பத்தில் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா என்னிடம், "வேதத்தை எடுத்து எண்பத்தெட்டாம் சங்கீதம் வாசிய்யா" என்றார். சங்கீதங்களில் பெரும்பாலான புலம்பல்கள் முடியும்போது கொஞ்சமாவது விடியும். அது அப்படி இல்லை, இருட்டிலேயே முடிந்துவிடும். வாசித்து முடித்துவிட்டு, அடுத்ததை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இது போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தூங்கிப்போனார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதத்தில் இறந்துபோனார்.

லூயிஸின் முதல் புத்தகத்தை யாராவது கேட்டால் இன்றும் கொடுக்கிறேன். அறிவுக்கு அது நல்ல தீனி. கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்கிறேன்.