சாவிக்கொத்தோடு தெருவில் பத்து நிமிடம்: பிட்வார்டனுக்குக் கடவுச்சொற்களை மாற்றும் வசதி பற்றி

நம்மில் பலர் கடவுச்சொற்களைக் குரோம் உலாவியிடமே ஒப்படைத்துவிட்டோம். கஹூட், பேட்லெட், கான்வா, சொந்த மின்னஞ்சல், வங்கி எல்லாம் அங்கேதான் இருக்கும். பாடம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அது ரொம்ப வசதி, மறுக்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில் கடைசிவரை இருந்துவிடலாம் என்று நினைக்க முடியாது. லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022இல் நடந்த ஊடுருவலில் பயனர்களின் பெட்டகப் பிரதிகளே களவு போயின. கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. தள முகவரிகள் அப்படியே இருந்தன. மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் செயலியோ 2025 ஆகஸ்டு முதல் கடவுச்சொற்களை வைத்திருக்கும் வேலையையே விட்டுவிட்டது. ஆக, இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் மூட்டை கட்டத்தான் வேண்டும்.

அப்படி மாறுகிறவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது பிட்வார்டன். ஒரு கடவுச்சொல் மேலாளரை மதிப்பிடும்போது பூட்டு எவ்வளவு உறுதி என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். குடிமாறும் நேரத்தில் அது நமக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இக்கட்டுரை அதைத்தான் பார்க்கிறது.

நிறைகள்

இலவசத் திட்டத்திலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். திறந்த மூல மென்பொருள் என்பதால் அதன் நிரலை யாரும் ஆராயலாம். இறக்குமதியும் எளிது. குரோமிலிருந்து ஒரு சிஎஸ்வி கோப்பை எடுக்கிறோம், பிட்வார்டனின் இறக்குமதிப் பக்கத்தில் குரோம் வகையைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். எத்தனை பதிவுகள் வந்து சேர்ந்தன என்றும் காட்டுகிறது. கணினியில் பெரிய பழக்கம் இல்லாத ஆசிரியரும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

குறைகள்

பிரச்சினை அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. தளத்தின் பெயர், முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் வரிசையாக, பூட்டே இல்லாமல், பதிவிறக்கக் கோப்புறையில் வந்து உட்காரும். குரோம் ஓர் எச்சரிக்கை காட்டும். நாம் படிக்காமல் தாண்டிவிடுவோம். பிட்வார்டனின் இணையப் பக்கம் கோப்பை வாசிக்குமே தவிர, நம் கணினியிலிருந்து அதை அழிக்க அதனால் முடியாது. "வெற்றி" என்ற செய்தி வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் கோப்பு அங்கேயேதான் இருக்கும். இரண்டு நல்ல பூட்டுகளுக்கு நடுவில், சாவிக்கொத்தைக் கையில் ஏந்தித் தெருவில் நடப்பதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்பதில்லை.

நம்மைப் பொறுத்தவரை இது நம் வங்கிக் கணக்கோடு நிற்கும் விஷயம் இல்லை. வாய்மொழிப் பயிற்சிக்காக மாணவர்கள் பதிவு செய்து அனுப்பிய குரல்கள், அவர்களின் பெயர்கள், புதிர்ப்போட்டி மதிப்பெண்கள் எல்லாம் நம் கணக்குகளுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை.

அடுத்தது எக்செல். "எல்லாம் சரியா இருக்கான்னு பார்ப்போமே" என்று கோப்பை இருமுறை சொடுக்கினால் கணினி பெரும்பாலும் எக்செலில்தான் திறக்கும். பார்த்துவிட்டு மூடும்போது சேமித்துவிட்டால் போச்சு. எண்களாலான கடவுச்சொல்லின் முன்னால் உள்ள சுழியம் மறைந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண் என்றால் மிச்ச இலக்கங்கள் சுழியமாகும். "=" குறியில் தொடங்குவதைச் சூத்திரம் என்று எடுத்துக்கொள்ளும். குறிப்புப் பகுதியில் "உயர்நிலை இரண்டு, கட்டுரைப் பலகை" என்று தமிழில் எழுதி வைத்திருந்தால், அது புரியாத குறிகளாகச் சிதையக்கூடும். இப்படிக் கெட்ட கோப்பையும் இறக்குமதி வசதி கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். என்றைக்கோ ஒரு நாள் வகுப்பு நடுவில் நுழைய முடியாமல் போகும்போதுதான் தெரியவரும். பார்க்கத்தான் வேண்டும் என்றால் நோட்பேட் போதும்.

மூன்றாவது, ஒரே கோப்பை இரண்டு தடவை ஏற்றினால் எல்லாம் இரண்டிரண்டாக வரும். பிட்வார்டன் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இவ்வளவு முதிர்ந்த மென்பொருளிடம் இதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா?

பாஸ்கீ எனப்படும் புதிய நுழைவுமுறையும் சிஎஸ்வி வழியாக வராது. ஃபிடோ கூட்டமைப்பு இதற்கென ஒரு பொது முறையின் வரைவை 2024இல் வெளியிட்டது. ஆப்பிளின் ஐஓஎஸ் 26இல் கோப்பே இல்லாமல் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக மாற்றும் வழி வந்திருக்கிறது. சரியான திசை அதுதான். எல்லாக் கருவிகளுக்கும் அது வரும்வரை பாஸ்கீயை ஒவ்வொரு தளத்திலும் புதிதாக உருவாக்குவதே வழி.

மாற நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை

1. சொந்தக் கணினியில், வீட்டில் செய்யுங்கள். ஆசிரியர் அறைப் பொதுக் கணினியில் வேண்டாம். திரையில் காட்டும் கருவி இணைந்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். பள்ளிக் கணக்குகளுக்குப் பள்ளியின் விதிமுறையே முதன்மை.

2. முதன்மைக் கடவுச்சொல்லை முதலில் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மறந்துவிட்டால் பிட்வார்டனால் அதை மீட்டுத் தர முடியாது.

3. கோப்பு மேகச் சேமிப்போடு இணையாத கோப்புறையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்கும் ஒரு பிரதி போய்விடும்.

4. ஏற்றியதும் ஐந்தாறு முக்கியத் தளங்களில் நுழைந்து பாருங்கள். சரி என்றால் அன்றே கோப்பை அழியுங்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.

5. ஓரிரு வாரம் கழித்துக் குரோமில் உள்ளவற்றை நீக்கி, சேமிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் விட்டுவைத்தால் எது புதிய கடவுச்சொல் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

மொத்தத்தில் பிட்வார்டன் நல்ல வீடு, தாராளமாகக் குடிபோகலாம். ஆனால் அதன் இறக்குமதி வசதி பாதி வேலையைத்தான் செய்கிறது. கோப்பை அழிக்கும் மீதிப் பாதி நம் பொறுப்பு. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அதைத் தள்ளிப்போடுகிறவர் குரோமிலேயே இருந்துவிடுவது மேல்.