சுத்தியல் இல்லாத பக்கங்கள்

மார்வெலின் 'ஃபியர் இட்செல்ஃப்' தொடரின் முதல் இதழ் 2011 ஏப்ரலில் வெளிவந்தது. எழுத்து மேட் ஃப்ராக்‌ஷன், ஓவியம் ஸ்டூவர்ட் இம்மோனன். அடுத்த மாதமே 'தோர்' படம், ஜூலையில் 'கேப்டன் அமெரிக்கா' படம். கதையின் நடுவிலும் அந்த இருவரே நிற்பது தற்செயல் என்று நம்ப யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வியாபாரக் கணக்கில் பிறந்தது என்பதற்காகவே ஒரு கதையை ஒதுக்கிவிடவும் முடியாது. பல ஹீரோக்களை ஒரே சண்டையில் திரட்டும் கிராஸ்ஓவர்களில் எளிதில் காணமுடியாத துணிச்சல் இதன் தொடக்கத்தில் இருக்கிறது.

மன்ஹாட்டனில் தெருக் கலவரம். ஒரு கட்டடம் எழலாமா கூடாதா என்று இரு தரப்பும் முட்டிக்கொள்கின்றன. உலக வர்த்தக மையம் இருந்த இடத்துக்கு அருகே இஸ்லாமிய மையம் கட்டும் திட்டத்தைச் சுற்றி 2010இல் மூண்ட சச்சரவு நினைவிருப்பவர்களுக்கு, பெயர் சொல்லாமலே விஷயம் பிடிபட்டுவிடும். இடையில் புகுந்து சமாதானம் பேசுகிறார் முன்னாள் கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ராஜர்ஸ். எடுபடவில்லை. எதிரே நிற்பது ஜனங்கள். குத்தி வீழ்த்த ஒரு வில்லன்கூட இல்லை. 'அயர்ன் மேன்' டோனி ஸ்டார்க்குக்கோ வேறு யோசனை. ஓக்லஹோமாவின் பிராக்ஸ்டன் ஊரருகே இடிந்து கிடக்கும் தோரின் தேவலோகமான ஆஸ்கார்டை மனிதத் தொழிலாளர்களைக் கொண்டே திரும்பக் கட்டலாம், வேலை இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்கும் என்கிறார். தொடரின் தலைப்பு 1933இல் ரூஸ்வெல்ட் ஆற்றிய பதவியேற்பு உரையிலிருந்து வந்தது. தேவலோகத்தையே பொதுப்பணித் திட்டமாக்கும் இந்த யோசனையிலும் அவர் வாடை அடிக்கிறது. 2008 பொருளாதாரச் சரிவில் வேலையும் வீடும் இழந்த அமெரிக்காவை ஒரு சூப்பர்ஹீரோ கதை இவ்வளவு நேராகப் பார்த்ததே பெரிது.

அங்கிருந்து கதை அண்டார்டிகாவுக்குத் தாவுகிறது. கேப்டன் அமெரிக்காவின் எதிரி ரெட் ஸ்கல்லின் மகள் சின், நாஜிகள் விட்டுப்போன கோட்டைக்குள் ஒரு மாயச் சுத்தியலைத் தூக்கி 'ஸ்காடி' ஆகிறாள். பிறகு கடலடியில் சிறைப்பட்டிருக்கும் 'செர்ப்பென்ட்' என்ற கிழவனை விடுவிக்கிறாள். இம்மோனனின் கோடுகள் இங்கே கம்பீரமாக இருக்கின்றன. கதைதான் இளைத்துவிடுகிறது. ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ஸ்நோரி தொகுத்த எட்டா என்ற நார்ஸ் புராண நூலில் வரும் ஸ்காடி அசாத்தியமான பெண். தந்தை தியாட்சியைத் தேவர்கள் கொன்றதும், கவசம் பூண்டு தன்னந்தனியாக ஆஸ்கார்டுக்குள் நுழைந்து நியாயம் கேட்கிறாள். ஈடாக ஒரு மாப்பிள்ளை தருகிறோம், ஆனால் பாதங்களை மட்டும் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும் என்கிறார்கள் தேவர்கள். அழகன் பால்டர் என்று நினைத்து அவள் தேர்ந்தது கடல் தேவன் நியோர்டை! தந்தையின் பகையைச் சுமக்கும் மகள் என்ற வகையில் சின்னும் அவளும் ஒரே ரத்தம். கைக்கெட்டிய இந்தப் பொருத்தத்தை ஃப்ராக்‌ஷன் தொடவே இல்லை. பெயரை மட்டும் உருவிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார். எட்டாவை அறியாதவரும் அல்லர். ராக்னராக் என்ற உலக முடிவுப் போரில் பாம்பைக் கொன்ற தோர் ஒன்பது அடி நடந்து விழுந்து சாவான் என்ற சேதியை ஏழாம் இதழில் அப்படியே எடுத்தாண்டிருக்கிறார்.

முதல் இதழின் உயிர் தோரின் தந்தை ஓடினிடம் இருக்கிறது. எட்டாவின் ஓடினுக்குத் தன் முடிவு முன்பே தெரியும். தெரிந்தும் படை சேர்த்துக்கொண்டு ஓநாயின் வாய்க்குள் போகிறவன். இந்த ஓடினுக்கும் வரப்போவது தெரிகிறது, ஆனால் இவர் ஓடுகிறார். சாட்சியாக வந்து நிற்கும் வாட்சர் மீது எரிந்து விழுகிறார். ஆஸ்கார்டியர் அனைவரும் பூமியைக் காலி செய்ய வேண்டும் என்று ஆணையிடுகிறார். மறுத்துப் பேசிய தோரை அவெஞ்சர்ஸ் கண்ணெதிரே அடித்து நொறுக்கி இழுத்துப் போகிறார். வளர்ந்த மகன் மீது அவன் நண்பர்கள் முன்னால் கைநீட்டும் அப்பனின் அசிங்கம் அந்தப் பக்கங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. தலைப்பு சொல்லும் பயத்துக்கு இதைவிட நல்ல உருவம் தொடரில் வேறு இல்லை. குறை என்னவென்றால், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை இதழ் மறைத்துவைக்கிறது. செர்ப்பென்ட் அவருடைய சொந்த அண்ணன் என்ற உண்மை பிறகுதான் வருகிறது. முதல் வாசிப்பில் நமக்குக் கிடைப்பது காரணமற்ற ஒரு முரடர்.

இந்த மறைப்பில் கதைநயம் கொஞ்சம், கல்லாப்பெட்டி மிச்சம். சின் தூக்கிய சுத்தியல் பூமிக்கு வந்த வரலாறு, ஒரு மாதம் முன்பு எட் புருபேக்கர் எழுத்தில் வந்த 'புக் ஆஃப் தி ஸ்கல்' என்ற முன்கதை இதழில் இருக்கிறது. ஆக, 3.99 டாலர் கொடுத்து முதல் இதழை வாங்கியவர் கதையைப் பாதியிலிருந்து வாசிக்கிறார். கலவரத்தில் கல்லெறிந்த மனிதர்களோ, அதுபோன்ற வேறு சுத்தியல்களும் அடுத்தடுத்து பூமியில் விழத் தொடங்கியதும் முதன்மைத் தொடரின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைத் தேடுபவர் கிளை இதழ்களை வாங்க வேண்டும். மூன்றாம் இதழில் அப்போதைய கேப்டன் அமெரிக்கா பக்கி பார்ன்ஸ் சாகிறார், 7.1 என்று எண்ணிட்டு வந்த பின்கதையில் அவர் சாகவில்லை என்று தெரிகிறது. ஓடின் பயந்த அளவுக்கு வாசகர் பயப்படாமல் போனதற்கு சாகடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் இந்த வழக்கமும் ஒரு காரணம்.