‘அப்புறம்?’ என்னும் கேள்வி

கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது என்று பாட்டி சொல்லி முடித்தாலும் குழந்தை விடுவதில்லை. ‘அப்புறம்?’ என்று கேட்கும். அரக்கன் மாண்டான், அப்புறம்? இளவரசி மீண்டாள், அப்புறம்? நம் இலக்கியமும் இக்கேள்விக்குப் பலமுறை பணிந்திருக்கிறது. கம்பர் இராமனுக்கு முடிசூட்டி அத்தோடு நிறுத்திக்கொண்டார். கேட்டவர்க்கு அது போதவில்லை. உத்தர காண்டம் ஒன்று தமிழில் எழுந்தது. அதனை ஒட்டக்கூத்தர் பாடியதாக மரபு கூறும். மதுரை எரிந்ததோடு கண்ணகியின் வழக்கு தீர்ந்துவிடுகிறது; எனினும் சிலப்பதிகாரம் வஞ்சிக் காண்டத்திற்குள் நடக்கிறது. திருவிவிலியத்திலும் இதைக் காண்கிறோம். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம், நூல் எழுதப்பட்ட நோக்கத்தைக் கூறி முறையாக நிறைவுறுகிறது. அதன் பின்னும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதனைப் பிற்சேர்க்கை என்று கருதும் விவிலிய அறிஞர் பலர். அந்த அதிகாரத்திற்குப் பிறகு வருவோம்.

இன்று இந்த ‘அப்புறம்’ என்னும் கேள்விக்குப் பெரும் பொருட்செலவில் விடை தேடுபவை வீடியோ விளையாட்டுகள். ஓர் இலக்கிய இதழில் இவற்றிற்கு என்ன வேலை என்று வாசக அன்பர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் ஒரு மாலை ஏறிப் பார்த்தால் அவர்கள் ஐயம் நீங்கும். கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் அதனை ஓயாது தட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களே எதிரும் புதிருமாக அமர்ந்திருப்பர். ஒரு தலைமுறை தன் கதைகளை எங்கே பெறுகிறதோ அங்கே திறனாய்வும் செல்ல வேண்டும். நாமும் இவற்றைப் பாராமலே பழித்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம். பெற்றோர் இப்போதெல்லாம் புனித கார்லோ அகுத்திசை மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய அந்த இளைஞர், விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரமே ஒதுக்கியவர் என்பது பலரும் அறிந்தது. நல்ல மேற்கோள். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முன் விரிந்தது என்ன என்று கேட்கும் பெற்றோரை நாம் இதுவரை கண்டதில்லை.

பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், வண்டியில் நம் அருகே அமர்ந்து ‘வைஸ் சிட்டி’ ஆடிக்கொண்டிருந்தார். கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டோம். “கதை எப்பவோ முடிஞ்சிருச்சு அங்கிள். இப்ப சும்மா சுத்திக்கிட்டிருக்கேன்” என்றார். இக்கட்டுரைக்கு விதை அந்தச் ‘சும்மா’. சும்மா இருத்தலைத் தவத்தின் உச்சியாக வைத்த மொழியல்லவா நம்முடையது? ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை, சுற்றிக்கொண்டிருந்தார்.

பழைய விளையாட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1990களில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய ‘டிவி கேம்’ பெட்டியை நினைவுகூரும் தந்தையர் இவ்வாசகரில் பலர் இருப்பர். 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ’வில் எட்டு உலகங்களைக் கடந்து இளவரசியை மீட்டால், மீண்டும் முதல் உலகம் தொடங்கும். முன்பு காளான் உருவில் ஊர்ந்து வந்த பகைவர்க்குப் பதிலாக, நெருப்புக்கு அசையாத ஓட்டுடன் வண்டுகள் வரும். ‘காண்ட்ரா’வும் அப்படியே, இறுதிப் பகைவனை வீழ்த்திய களைப்பு ஆறுமுன் முதற்காடு மீண்டும் எதிரே நிற்கும். ‘அப்புறம் என்ன? மறுபடியும் அதுவே, சற்றுக் கடினமாக’ என்பதே அவற்றின் விடை. சபை உரையாளர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

பிற்கால விளையாட்டுகள் உலகையே கட்டி எழுப்பத் தொடங்கின. கதை முடிந்தாலும் தெருக்கள் அங்கே இருக்கின்றன; கதவுகள் பூட்டப்படவில்லை; கடலில் மாலை வெயில் விழுகிறது. கட்டியவர்க்கு அச்சம் வந்தது: ஆடுபவன் எழுந்து போய்விடுவானோ? ஆகவே வேலைகளைத் தூவினார்கள். 2002-இல் வெளிவந்த ‘வைஸ் சிட்டி’யில் நகரெங்கும் ஒளித்து வைத்த நூறு பொதிகளைத் தேடலாம்; வாடகை வண்டி ஓட்டலாம்; ஒவ்வொன்றும் விழுக்காட்டில் ஏறும். நூறு விழுக்காட்டை எட்டியவனுக்குக் கிடைக்கும் பரிசுகளுள் ஒன்று, இவ்வளவும் செய்து கிடைத்தது இந்த உதவாச் சட்டைதான் என்று எழுதிய ஒரு சட்டை. (வன்முறை மலிந்த இவ்விளையாட்டு சிறுவர் கையில் தரத் தக்கதன்று என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம். ஆயினும் தன் வெறுமையைத் தானே நகைக்கும் நேர்மை அதற்கு இருக்கிறது.)

நிண்டெண்டோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, செல்டா வரிசையைச் சேர்ந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இதனினும் நுட்பமானது. மலையும் மழையும் புல்வெளியும் கொண்ட அதன் உலகம் அழகில் எந்த ஓவியத்திற்கும் குறைந்ததன்று. அதிலே தொள்ளாயிரம் விதைகள் மறைந்துள்ளன. எல்லாவற்றையும் சேர்த்தவனுக்கு வழங்கப்படுவது, சாணக் குவியலின் உருவில் பொன்னிறமான ஒரு பொருள். தாம் ஆதாயமெனக் கருதியவற்றைப் புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதுகையில் எந்தச் சொல்லால் குறித்தார் என்பதை அறிந்தவர்கள் புன்னகைப்பர்.

அதன் குறும்பு நமக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறோரிடத்தில். நூறாண்டுத் தீமையைத் தலைவன் வீழ்த்துகிறான். இளவரசி விடுதலை பெறுகிறாள். பெயர்ப்பட்டியல் ஓடி முடிகிறது. மீண்டும் உள்ளே நுழைந்தால் இறுதிப் போருக்கு முந்தைய பொழுதில் நிற்கிறோம். கோட்டையைத் தீமை இன்னும் சூழ்ந்திருக்கிறது. நாம் வென்றதற்கு ஒரு விண்மீன் குறி மட்டுமே சான்று. விடுதலை பெற்ற நாட்டில் ஒரு காலைப் பொழுதைக்கூட அங்கே நடந்து பார்க்க முடியாது. வயலுக்குத் திரும்பும் உழவனையோ அச்சமின்றிக் கதவு திறக்கும் கிழவியையோ காண முடியாது. பெரிய சனிக்கிழமையிலேயே நின்றுவிட்ட வழிபாட்டு ஆண்டு போன்றது இது. இத்தனை பெரிய உலகைப் படைக்கத் தெரிந்தவர்களுக்கு, மீட்புக்குப் பிந்தைய ஒரு நாளைக் கற்பனை செய்ய ஏன் இயலவில்லை? போரைக் காட்டுவது எளிது. அமைதியில் மாந்தர் என்ன செய்வர் என்று காட்டுவது கடினம். கவிஞர்க்கும் அது கடினமே.

விதிவிலக்குகள் உண்டு. டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கர் 2015-இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’, எவரையும் கொல்லாமல் ஆடி முடிக்கக்கூடியது. அவ்வாறு முடித்து எல்லாரும் வெளிச்சத்திற்கு வந்தபின், ஆசையால் மீண்டும் திறந்தால், முன்பு பகைவனாயிருந்த ஒரு பாத்திரம் நம்மிடம் மன்றாடுகிறது. இவர்கள் மகிழ்ச்சியாய் இருக்கிறார்கள். இவர்களுக்கு மிஞ்சியுள்ள ஒரே ஆபத்து, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கும் வல்லமை பெற்ற நீயே. இவர்களை வாழ விடு என்கிறது. ஆடுபவனை எப்படியேனும் பிடித்து வைக்க முயலும் தொழிலில், தயவு செய்து போய்விடு என்று கேட்கும் படைப்பு எத்தனை துணிவுடையது!

யோக்கோ தாரோ இயக்கி 2017-இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’ இன்னும் ஓரடி செல்கிறது. அதன் இறுதியில், படைத்தவர்களின் பெயர்ப்பட்டியலோடே போரிட வேண்டியிருக்கிறது. தனியாய் வெல்வது அரிது. மீண்டும் மீண்டும் விழுகையில், உலகின் எங்கோ இருக்கும் முகமறியாத ஆட்டக்காரர்கள் துணைக்கு வருகிறார்கள். வென்றபின் ஒரு கேள்வி எழுகிறது: உன்னைப்போல் தவிக்கும் ஓர் அந்நியனுக்கு உதவ, இதுவரை நீ சேர்த்த பதிவுகள் அனைத்தையும் இழக்கச் சம்மதமா? சம்மதித்தால் கண்ணெதிரே ஒவ்வொன்றாய் அழிகின்றன. நமக்கு உதவியவர்களும் அவ்வாறு இழந்தவர்களே என்பது அப்போதுதான் உறைக்கிறது. யாருக்கு உதவினோம் என்று அறிய வழியில்லை; நன்றி சொல்ல எவரும் வாரார். இழந்தது வெறும் பதிவுதானே என்று கூறுவார் கூறட்டும். பல மாலைகளின் உழைப்பை அறியாத ஒருவனுக்காக விட்டுக்கொடுக்கும் பழக்கத்தை வேறு எந்தப் பொழுதுபோக்கு இளைஞரிடம் கேட்கிறது?

இனி நம்மவர் படைப்புக்கு வருவோம். கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’வை வெளியிட்டது. மறு ஆண்டு பிரித்தானியத் திரைக்கழகமான பாஃப்டாவின் விருதை, முதற்படைப்புக்கான பிரிவில் அது பெற்றது. 1988-இல் கனடாவில் வாழும் தமிழ் இணையர் வெண்பாவும் பாவலனும். பின்னர் அவர்களுக்கு மகன் கவின். ஆயுதம் கிடையாது. தாயிடமிருந்து வந்த, சிதைந்துபோன சமையற்குறிப்பேடு ஒன்று உண்டு. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பது ஒரு புதிர்! மகன் வளர்கிறான், ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்குகிறான், விலகுகிறான். தந்தை மறைகிறார். தாய் தமிழ்நாட்டிற்குத் திரும்புகிறாள். தமிழ் சரியாகப் படிக்கத் தெரியாத மகன், அந்தக் குறிப்பேட்டோடு தானே போராடுகிறான்; பிறகு தாயைத் தேடி வருகிறான். ஒன்றரை மணி நேரம்போல ஓடி, கதை நின்றுவிடுகிறது. சேர்ப்பதற்கு விதையில்லை, திறப்பதற்கு மறைவறை இல்லை.

இவ்வளவுதானா என்று குறைப்பட்டவர் உண்டு. அக்குறையில் பாதியை நாம் ஏற்கிறோம். ஆண்டுகள் தாவித் தாவி ஓடுகின்றன. மகன் விலகிய காலத்தின் நீளத்தை நாம் உணர்வதற்குள் அவன் திரும்பிவிடுகிறான். அதைவிடப் பெரிய குறை, திரும்பி வந்த தாயின் தனிமையான நாள்கள் நமக்குப் போதிய அளவு காட்டப்படாமை. விசை கேம்ஸார் டொராண்டோவிலிருந்து பார்த்தார்கள். ஆகவே மகனின் பயணம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சேலையூரிலிருந்தும் சிட்லபாக்கத்திலிருந்தும் பார்த்திருந்தால் வேறொரு அத்தியாயம் எழுதியிருப்பார்கள்.

நம் பகுதியின் தெருக்களில் வெண்பாக்கள் எத்தனை பேர்! வேலை தேடித் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்து, மனை வாங்கி, கிணறு தோண்டி, மாடி எடுத்து, பிள்ளைகளை மின்வண்டியில் பொறியியல் படிக்க அனுப்பிய தலைமுறை அது. பிள்ளைகள் டாலசுக்கும் மெல்போர்னுக்கும் போய்விட்டனர். அந்த வீடுகளில் முதன்மைக் கதை முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை சில்லறைப் பணிகள்: மின்கட்டணம், சொத்து வரி, நவம்பர் வந்தால் ஓய்வூதியத்திற்கு உயிர்வாழ் சான்று. நூறு பொதி தேடும் இளைஞனுக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை என்று சில மாலைகளில் நமக்குத் தோன்றியதுண்டு.

யோவானின் 21-ஆம் அதிகாரத்தை இந்த இடத்தில்தான் படிக்க வேண்டும். சாவு வெல்லப்பட்டாயிற்று. பேதுருவுக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய தொழிலான மீன்பிடிக்கே போகிறார், உடன் அறுவர். இரவெல்லாம் வலை வெறுமை. விடியலில் கரையில் ஆண்டவர் நிற்கிறார்; கரி நெருப்பு மூட்டியிருக்கிறார்; மீனும் அப்பமும் தயாராக இருக்கின்றன. அரியணை இல்லை, வெற்றி ஊர்வலம் இல்லை. உயிர்த்தவர் தம் நண்பர்க்குக் காலையுணவு சமைக்கிறார். பேதுருவை மும்முறை வினவுவதும் உணவு முடிந்த பிறகே. அந்தச் சமையலுக்கு நற்செய்தி இடம் ஒதுக்கியிருப்பதை எண்ணும்போது, செல்டாவின் படைப்பாளர்க்கு எட்டாத அந்த மறுநாள் இதுவே என்று கொள்கிறோம். வெண்பாவின் படைப்பாளர் அதன் வாசல்வரை வந்துவிட்டார்கள்.

குமரி மாவட்டத்திலிருந்து வந்து சேலையூரில் குடியேறிய ஓர் அம்மையாரை நாம் அறிவோம். கணவர் காலமாகிவிட்டார். டாலசில் இருக்கும் பேரன் ஞாயிறுதோறும் அழைப்பான். நலமா, நலம் என்பதோடு பேச்சு வற்றிவிடும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து நாம் அவர் இல்லத்தில் அமர்ந்திருந்தபோது அழைப்பு வந்தது. பேரன் ‘வெண்பா’ ஆடி முடித்திருந்தான். அதில் வரும் புட்டை மெய்யாகவே செய்து பார்க்க விரும்பினான். ஆனால் புட்டுக்குழல் இல்லையாம்.

“குழல் எதுக்கு மக்களே? சிரட்டை இருக்கா?” என்றார் அம்மையார். கடையில் தேங்காய் வாங்கி உடைத்து வைத்திருப்பதாகச் சொன்னான். கண்ணில் துளையிட்டு, குக்கரின் மூக்கில் கவிழாமல் பொருத்தி, மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி இடச் சொன்னார். கைப்பேசியை உப்புச் சாடிமேல் சாய்த்து வைத்து, தாமும் அடுப்பு மூட்டி ஒவ்வொரு படியாய்ச் செய்து காட்டினார். மாவு எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பதை அவனுக்கு விளங்க வைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நம்மை மறந்தே போனார்.

“வச்சுட்டேன் பாட்டி. அப்புறம்?” என்றது டாலஸ்.

“அப்புறம் என்ன, ஆவி வரட்டும். அதுவரைக்கும் பேசிக்கிட்டிரு.”