பெர்செபொலிஸ்: ஒரு சிறுமியின் முதல் கேள்வி

பெர்செபொலிஸ், ஈரானில் பிறந்து பிரான்சில் குடியேறிய மர்ஜானே சத்ரபி பிரெஞ்சு மொழியில் எழுதி வரைந்த தன்வரலாற்றுப் படக்கதை நூல். 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. பின்னர் ஆங்கிலத்திலும் தமிழ் உட்படப் பல மொழிகளிலும் மொழிபெயர்க்கப்பட்டது. 2007இல் வின்சென்ட் பாரனோவுடன் சேர்ந்து சத்ரபியே இதை அசைவூட்டத் திரைப்படமாக எடுத்தார். அப்படம் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. இக்கட்டுரை நூலின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மர்ஜி என்று வீட்டில் அழைக்கப்படும் சிறுமி 14 வயதில் ஈரானைவிட்டு வெளியேறுவதோடு அப்பகுதி முடிகிறது.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புரட்சியும் போரும் ஒரு குழந்தையின் வெகுளித்தனத்தைப் பறித்துக்கொண்ட கதை என்றே சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மர்ஜியின் வெகுளித்தனத்தை நூல் ஒரேயடியாகப் புகழ்வதில்லை. அதற்குள் இருக்கும் நியாயத்தையும் காட்டுகிறது, கொடுமையையும் காட்டுகிறது. அவள் வளர்ந்துவிட்டாளா என்பதை அளக்க ஓர் அளவுகோலையும் முதல் அத்தியாயத்திலேயே தந்துவிடுகிறது. அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நூலைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

சத்ரபி 1969இல் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்தவர். அப்போது ஈரானை ஆண்டவர் ஷா முகமது ரெசா பஹ்லவி. 1953இல் பிரதமர் முசாதிக்கின் அரசு அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு கவிழ்க்கப்பட்ட பிறகு ஷாவின் பிடி இறுகியது. 1957இல் உருவான சாவாக் என்ற இரகசியக் காவல் அமைப்பு எதிர்ப்பாளர்களைச் சிறையிட்டுச் சித்திரவதை செய்தது. 1978 செப்டம்பர் 8 அன்று தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் கூடிய மக்கள்மீது இராணுவம் சுட்டது. அந்நாள் கறுப்பு வெள்ளி எனப்படுகிறது. 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டுச் சென்றார். பிப்ரவரி 1 அன்று கொமெய்னி திரும்பி வந்தார்.

ஷாவை எதிர்த்தவர்களில் மதவாதிகள், கம்யூனிஸ்டுகள், தாராளவாதிகள், மாணவர்கள், கடைவீதி வணிகர்கள், எண்ணெய்த் தொழிலாளர்கள் என எல்லாரும் இருந்தார்கள். வெற்றிக்குப் பிறகு அதிகாரம் மதத் தலைமையிடம் சென்றது. இடதுசாரிகள் பலர் மீண்டும் சிறைக்குச் சென்றார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 1980இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் ஈராக் படையெடுத்தது. அந்தப் போர் 1988 வரை நீண்டது. மர்ஜியின் பெற்றோர் இடதுசாரிச் சார்புள்ள, வசதியான, படித்த நகரவாசிகள். நாள்தோறும் ஊர்வலத்துக்குப் போய்க் களைத்துத் திரும்புபவர்கள். இந்த வீட்டின் சன்னல் வழியாகத்தான் நாம் புரட்சியைப் பார்க்கிறோம் என்பதை வாசகர் மறக்கக்கூடாது.

தீர்க்கதரிசியாக விரும்பிய சிறுமி

ஆறு வயது மர்ஜி, உலகின் கடைசித் தீர்க்கதரிசி தானே என்று முடிவு செய்கிறாள். அதற்கு அவள் சொல்லும் காரணங்கள் மூன்று: வீட்டுப் பணிப்பெண் தங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, அப்பாவிடம் காடிலாக் கார் இருக்கிறது, பாட்டிக்கு எப்போதும் முழங்கால் வலி. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு யோசித்தால், ஒரு புரட்சி பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் முதன்மையானது அந்தச் சாப்பாட்டு மேசையில் இருப்பது தெரிகிறது. கடவுளும் கார்ல் மார்க்சும் அவளுக்குக் கிட்டத்தட்ட ஒரே முகச்சாடையில் தெரிகிறார்கள். மார்க்சின் முடிதான் கொஞ்சம் சுருள். பக்தியும் அரசியலும் அவளிடம் ஒரே இடத்திலிருந்து, வலிக்கிறவர்களுக்கு வலிக்கக்கூடாது என்ற எண்ணத்திலிருந்து, பிறக்கின்றன.

ஆனால் மர்ஜி அந்தக் கேள்வியோடு நெடுநாள் நிற்பதில்லை. வீரர்கள் மீதான ஆசை அவளைப் பிடித்துக்கொள்கிறது. தோட்டத்தில் பிள்ளைகள் சே குவேராவாகவும் ஃபிடலாகவும் விளையாடுகிறார்கள். தோழியின் அப்பா சிறையில் இருந்தவர் என்றால் மர்ஜிக்குப் பொறாமையாக இருக்கிறது, தன் அப்பா வீரர் இல்லையே என்று. விடுதலையான கைதிகள் வீட்டுக்கு வந்து தாங்கள் பட்ட சித்திரவதைகளைச் சொல்கிறார்கள். குழந்தைகள் இருக்கிறார்கள் என்று யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அடுத்த காட்சியில் பிள்ளைகளின் விளையாட்டு மாறிவிடுகிறது. தோற்றவருக்குச் சித்திரவதை! கையை முறுக்குவதும் வாயில் குப்பையைத் திணிப்பதும் தண்டனைகள். தண்டனை விதிக்கும்போது தனக்குள் எழுந்த அதிகார மகிழ்ச்சியைச் சத்ரபி மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா மடியில் அழுததையும் மறைக்கவில்லை.

சாவாக்கில் வேலை பார்த்தவரின் மகன் ரமீனைத் தாக்க, விரல்களுக்கிடையில் ஆணிகளை வைத்துக்கொண்டு கிளம்பும் காட்சியும் இப்படித்தான். தடுப்பது அம்மா. பிறகு மர்ஜி பெருந்தன்மையோடு ரமீனை மன்னிக்கப் போகிறாள். அவனோ, தன் அப்பா கொலைகாரர் இல்லை, கெட்டவர்களைத்தான் கொன்றார் என்கிறான். இரண்டு பிள்ளைகளும் அவரவர் வீட்டில் கேட்டதையே ஒப்பிக்கிறார்கள். பிள்ளைகளின் வெகுளித்தனம் வெற்றுப் பலகை அன்று. பெரியவர்கள் எழுதியதெல்லாம் அதில் இருக்கும், கையெழுத்துதான் சிறியது.

ஓர் ஆசிரியராக என்னை உறுத்தும் கட்டம் வேறு. ஷா போன பிறகு, பாடநூலிலுள்ள அவர் படங்களைக் கிழித்தெடுக்கச் சொல்கிறார் வகுப்பாசிரியை. ஷாவைக் கடவுளே தேர்ந்தெடுத்தார் என்று முன்பு சொன்னவரும் அவரே. அதை எடுத்துச் சொன்ன மர்ஜிக்குக் கிடைப்பது தண்டனை. பாடத்திட்டம் மாறியதும் போன ஆண்டு சொன்னதற்கு மாறாக இந்த ஆண்டு சொல்லி, கேள்வி கேட்ட மாணவரை உட்காரச் சொன்ன நாள் எனக்கும் உண்டு. அந்த ஆசிரியை கொடியவரல்லர், பயந்தவர். குழந்தைகள் உண்மையை இழப்பது பெரும்பாலும் இத்தகைய பயந்தவர்கள் முன்னிலையில்தான்.

மெஹ்ரியும் சாவியும்

நூலின் மையம் என்று நான் கருதுவது பணிப்பெண் மெஹ்ரியின் கதை. எட்டு வயதில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு இளைஞனுக்கு அவள் சார்பில் காதல் கடிதங்களை எழுதித் தருகிறாள் மர்ஜி. செய்தி தெரிந்ததும், அந்தப் பெண் என் மகளில்லை, வேலைக்காரி என்று அவனிடம் சொல்லிவிடுகிறார் அப்பா. காதல் அத்தோடு முடிகிறது. இந்த நாட்டில் அவரவர் வர்க்கத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று மகளுக்கும் விளக்குகிறார். வர்க்கமில்லாச் சமுதாயம் வேண்டி ஊர்வலம் போகிறவர் அவர். அவரைச் சத்ரபி கேலி செய்யவில்லை. நடந்ததை வரைந்துவிட்டு நகர்கிறார்.

மர்ஜியும் மெஹ்ரியும் ஒரே கட்டிலில் ஒருவரையொருவர் அணைத்துப் படுக்கிறார்கள். பிறகு பெற்றோருக்குத் தெரியாமல் இருவரும் ஊர்வலத்துக்குப் போகிறார்கள். அது கறுப்பு வெள்ளி. திரும்பி வந்ததும் அம்மாவிடம் இருவருக்கும் அறை விழுகிறது. சமத்துவம் அந்த வீட்டில் அந்த அறையில் மட்டும் நிறைவேறியது என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்து சாவி. போர்க்காலத்தில் வீட்டில் வேலை செய்யும் நஸ்ரின் அம்மாளின் மகனுக்குப் பள்ளியில் ஒரு சாவி கொடுக்கிறார்கள். தங்கநிறம் பூசிய பிளாஸ்டிக் சாவி. போரில் இறந்தால் அது சொர்க்கத்தின் கதவைத் திறக்குமாம். பையனுக்கு வயது 14. மர்ஜியின் மாமா மகன் பெய்மனும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் பள்ளியில் யாரும் சாவி தரவில்லை. அவன் தருவது விருந்து. அப்பகுதியின் கடைசிப் பக்கத்தில், மேலே கழுத்தில் சாவியோடு கண்ணிவெடிகளில் சிதறும் சிறுவர்கள் கருநிழல்களாக வரையப்பட்டிருக்கிறார்கள். கீழே மர்ஜியும் நண்பர்களும் இசைக்குத் துள்ளுகிறார்கள். அவள் அணிந்திருப்பது நாகரிகத்துக்காக ஓட்டை போட்ட சட்டை. இரண்டு படங்களிலும் உடல்கள் காற்றில் எழும்பியிருக்கின்றன. ஒப்புமையை விளக்கி ஒரு வார்த்தை இல்லை. சாம்பல்நிறமே இல்லாத கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வலிமை இங்கே தெரிகிறது. முகம் தெரியாத அந்தச் சிறுவர்களில் யாரை வேண்டுமானாலும் நஸ்ரின் அம்மாளின் மகனாக நாம் எண்ணிக்கொள்ளலாம்.

வளர்வது என்றால் என்ன?

மர்ஜி வளர்ந்துவிட்டதாகத் தானே அறிவிக்கும் இடம் ஒன்று உண்டு. அம்மாவோடு சண்டை போட்டு, வீட்டு நிலவறையில் ஒளிந்து முதல் சிகரெட்டைப் பற்றவைத்து, குழந்தைப் பருவத்துக்கு விடை கொடுக்கிறாள். ஆசிரியர் அதை மெல்லிய புன்னகையோடுதான் வரைந்திருக்கிறார். அவள் உண்மையில் வளரும் இடங்கள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, சித்தப்பா அனூஷின் மரணம். ஷாவின் சிறையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவரைப் புதிய அரசு உளவாளி என்று கொல்கிறது. சிறையில் ரொட்டியால் அவர் செய்த அன்னப்பறவை மர்ஜியிடம் மிஞ்சுகிறது. வீரர் வேண்டும் என்று ஏங்கியவளுக்கு ஒரு வீரர் கிடைத்து, கையோடு பறிபோகிறார். அன்றிரவு அவள் கடவுளை அறையைவிட்டு விரட்டுகிறாள்.

இரண்டாவது, ஏவுகணை விழுந்த பக்கத்து வீட்டின் இடிபாடுகளில் தோழியின் கைவளையலைக் காண்பது. அதன்பின் வரும் கட்டம் முழுக் கறுப்பு. மூன்றாவது, விமான நிலையம். கண்ணாடிக்கு அப்பால் மயங்கிய அம்மாவை அப்பா தாங்கி நிற்பதைத் திரும்பிப் பார்த்துவிடுகிறாள். மூன்று இடங்களிலும் அவள் முழக்கம் எதையும் சொல்வதில்லை. தனக்கு வெளியே ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்க்கிறாள், அவ்வளவே.

மதிப்பீடு

நூலின் குறையும் இங்கேதான் இருக்கிறது. மூன்று இடங்களிலும் மர்ஜி பார்ப்பது தன் உறவினரை, தன் தோழியை, தன் பெற்றோரை. நஸ்ரின் அம்மாளின் மகனிடம் கதை திரும்பி வருவதில்லை. கடிதச் சம்பவத்துக்குப் பிறகு மெஹ்ரி என்ன ஆனாள் என்ற வினாவை வாசகர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. மர்ஜியை ஆபத்திலிருந்து காப்பாற்ற வியன்னாவுக்கு அனுப்ப முடிந்தது. அனுப்ப முடியாத வீடுகளின் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதை இந்நூலில் தேடினால் கிடைக்காது. தன்வரலாற்றின் எல்லை இது என்று ஒதுக்கலாம். ஆனால் பணிப்பெண் ஏன் எங்களோடு சாப்பிடவில்லை என்று முதலில் கேட்டது இந்த நூல்தான். ஆகவே இந்த எதிர்பார்ப்பை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சுமத்தவில்லை.

எனினும், தன் பக்கத்துப் பிழைகளை ஆசிரியர் அழிக்காமல் விட்டிருக்கிறார். அப்பாவின் சொல்லையும், சித்திரவதை விளையாட்டையும், சாவிக்குக் கீழே நடந்த நடனத்தையும் விட்டுவிட்டு எழுதியிருந்தால் நல்லவர்களுக்கும் மதவெறியர்களுக்கும் இடையிலான எளிய கதை கிடைத்திருக்கும். அதற்குக் கைதட்டல் கூடுதலாகவும் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் ஆறு வயதுச் சிறுமியின் கேள்வி கடைசிப் பக்கம்வரை உயிரோடு இருக்கிறது. ஷாவின் அரசும் அதற்குப் பதில் சொல்லவில்லை, புதிய அரசும் சொல்லவில்லை, மர்ஜியின் வீடும் சொல்லவில்லை.

புரட்சிகளைத் தேர்வுக்காகப் படிக்கும் மாணவர்கள் காரணங்கள், விளைவுகள் என இரண்டு பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் கற்பித்தேன். அந்தப் பட்டியல்கள் தேவைதான். அவற்றோடு இந்நூலின் சாவிப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எந்தப் புரட்சியைப் படித்தாலும் அந்த நாட்டில் 14 வயதில் யாருக்குச் சாவி கிடைத்தது, யாருக்கு விமானச்சீட்டு கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.